பனிக்காலப் புகை

ஏப்ரலில் ஒரு காலை, எவர்ட் தன் பழைய காரைக் கிளப்பிவிட்டுப் பின்பக்கம் போய் நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது. மாதக்கணக்காகவே வந்திருக்கும். எங்கள் பக்கத்தில் குளிர்காலம் முழுக்க எல்லா வண்டியும் வெள்ளையாகத்தான் புகைவிடும். எதற்கு நோய், எதற்கு வெறும் குளிர் என்று பனி உருகும்வரை யாருக்கும் தெரியாது. இப்போது ஊரில் மற்ற வண்டிகள் எல்லாம் புகைவிடுவதை நிறுத்திவிட்டன, எதிர்வீட்டு மைக்கென் அம்மாவின் வண்டி உட்பட. இவருடையது மட்டும் நிறுத்தவில்லை.

மரம் அறுக்கும் மில்லில் எந்திரங்களோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்றவர். அதிக நேரம் யோசிக்கவில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்திருந்தது, ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அப்படியென்றால் உள்ளேயே எரிகிறது. ஆயில் மூடியின் உட்புறத்தில் பால் திரிந்த மாதிரி வெளிறிய பசை. எஞ்சின் ஓடும்போது கூலன்ட் தொட்டியில் குமிழ்கள். அழுத்தமானியை மாட்டிப் பார்த்தார். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் முள் எழும்பவே இல்லை. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தட்டையான கேஸ்கெட் அந்த இடத்தில் எரிந்துபோயிருந்தது. ஹெட்டைக் கழற்றி, வளைவு நீக்கச் சீவக் கொடுத்துவிட்டு, புதுக் கேஸ்கெட்டுக்குச் சொல்லி வைத்தார்.

அதுவரை வியாழக்கிழமைகளில் மைக்கென் அவரை நகரத்துக்குக் கூட்டிப்போனார். கடை, நூலகம், பிறகு தேவாலயக் கூடத்தில் பட்டாணிச் சூப்பும் பான்கேக்கும். அதற்கு முன்பு எவர்ட் எல்லா இடத்துக்கும் தனியாகத்தான் போய்வந்தார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் பேச ஆளில்லை. வானொலியில் வானிலை சொல்கிறவருக்குப் பதில் சொல்லும் பழக்கம் வந்திருந்தது. முதல் வியாழன் வீடு திரும்பியபோது, தொண்டை லேசாகக் கரகரத்தது. அன்று அவ்வளவு பேசியிருந்தார்.

மே மாதத்தில் ஒரு வியாழன், கடையில் கேஸ்கெட் பார்சல் வந்திருந்தது. மைக்கென் காபித்தூள் பக்கம் நின்றார். அந்த அகலமான தட்டை அட்டையை எவர்ட் வாங்கினார், ஒரு கணம் பார்த்தார், பிறகு கோட்டுக்குள் முதுகுப்பக்கம் செருகிக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வீடு வரைக்கும் பலகை மாதிரி உட்கார்ந்து வந்தார்.

"முதுகு வலியா?" என்றார் மைக்கென்.

எவர்ட் சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தார். எங்கள் ஊரில் 'ஆமாம்' என்பதற்கு அது போதும்.

"கேஸ்கெட் வந்துச்சா?"

"எங்க? ஜெர்மனிலேந்து வரணுமாம்."

"நடந்து வருது போல."

அதன்பிறகு ஒவ்வொரு வியாழனும் அதே கேள்வி, அதே பதில். சீவிய ஹெட்டும் வந்துசேர்ந்தது. அதைப் பழைய படுக்கைவிரிப்பில் சுற்றிக் கொட்டகை மூலையில் வைத்தார். துரு ஏறிவிடக் கூடாதே என்று வாரத்துக்கொருமுறை சிலிண்டர்களுக்கு எண்ணெய் தடவினார். நல்ல மெக்கானிக்குக்கு இதைவிடக் கேவலமான வேலை கிடையாது. கையில் எல்லாம் இருந்தும் வண்டியைத் திறந்து போட்டுக் காவல் காத்தார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வியாழன் மட்டும் வேண்டியிருந்தது.

செப்டம்பர் கடைசியில், கூடத்து வாசலில் மைக்கென் வண்டியை நிறுத்தினார். சாவியைத் திருப்பினார், இறங்கவில்லை.

"அடுத்த வாரத்துலேந்து நான் ஓட்டக் கூடாதாம். டாக்டர் சொல்லிட்டார். கண்ணு நடுவுல மங்கிப்போச்சு. எதிர்ல வர்ற ஆளுக்குக் காது தெரியுது, மூக்கு தெரியல."

எவர்ட் கதவுக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"உமேயோ டவுன்ல என் பொண்ணு ரூம் ஒழிச்சு வச்சிட்டா. அங்க வாசல்லயே பஸ். இங்க வண்டி இல்லாம நான் என்ன பண்றது?"

"நான்..."

"உன் வண்டி ஓடினா வேற கதை. அதான் கேஸ்கெட் வரலையே." கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார்.

மறுநாளே கொட்டகையில் விளக்கைப் போட்டார். நான்கு மாதம் தள்ளிப்போட்ட வேலையை இப்போது பயந்து பயந்து செய்தார். பழைய கேஸ்கெட்டின் மிச்சத்தைச் சுரண்டித் துடைத்தார். நேர்க்கோலை வைத்து மட்டம் பார்த்தார், திருப்பி வைத்து இன்னொரு முறை பார்த்தார். புதிதைப் பொருத்தி, ஹெட்டை இறக்கி, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, ஒரே அளவாக, சுற்றுச் சுற்றாக இறுக்கினார். ஒரு பக்கம் அவசரப்பட்டால் மறுபக்கம் எழும்பிவிடும், இது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். இருந்தும் ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தார். இத்தனை வருடத்தில் எந்த எந்திரத்தின் முன்னாலும் அவர் இப்படி வேண்டிக்கொண்டு நின்றதில்லை. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

வியாழன் காலை உறைபனி விழுந்திருந்தது. மைக்கெனிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. ஆனால் எதிர்வீட்டுக் கேட்டருகே மைக்கென் தொப்பியும் கைப்பையுமாக ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். காலடியில் புல் மிதிபட்டிருந்தது. வந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும்.

"நான் வருவேன்னு எப்படித் தெரியும்?" என்றார் எவர்ட்.

மைக்கென் கதவைத் தடவித் திறந்து ஏறிக்கொண்டார். "கோட்டுக்குள்ள அவ்வளவு பெரிய அட்டைய வச்சுக்கிட்டு உக்காந்தியே. மே மாசம் எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு."

எவர்ட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாலையைப் பார்த்தார். காது சூடாகிவிட்டது.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா ரிப்பேர் பண்ணிடுவியே."

வண்டி கிளம்பியது. அஞ்சல் பெட்டிகள் வரிசை கடந்தது, ஏரி வந்தது. மைக்கென் தலையை மட்டும் பின்னால் திருப்பினார், கண்ணை இடுக்கினார், பிறகு முயற்சியை விட்டுவிட்டு முன்னால் திரும்பினார்.

"புகை வருதா?"

எவர்ட் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தார். வெள்ளையாக, தாராளமாக வந்தது. எதிரே வந்த பால் லாரியும் அப்படித்தான் புகைத்துக்கொண்டு போனது.

"வருது."

"கேஸ்கெட்டா, குளிரா?"

"இப்பத் தெரியாது. ஏப்ரல்லதான் தெரியும். அதுவரைக்கும் நீ இருந்து பாக்கணும்."

மைக்கென் கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தார். பிறகு, ஏரி முடிகிற வளைவில், சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தார். கண்ணாடியில் அவர்கள் வந்த சாலை வெள்ளையாக இருந்தது.