வைஃபை இல்லாத மாடல்

2012இல் சூர்யகலா திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தாள். கணவன் அரிபிரசாத் அவளுக்கு ஒரு டேப்லட் வாங்கிக் கொடுத்திருந்தான். இருவருக்கும் ஒரே அக்கவுண்ட். அதில் அவள் எதைத் தேடினாலும் அவன் போனில் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

ஒருநாள் சாப்பிடும்போது அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். "அம்மா தனியாப் போனா கொழந்த யாருகிட்ட இருக்கும்னு இஸ்கூல்ல பாடம் எடுக்குறியா?"

அது அவள் டேப்லட்டில் தேடிய கேள்வி. அன்றைக்கு அறைக்கதவு சாத்தியபின் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதன்பின் கோடை வெயிலிலும் முழுக்கை ரவிக்கையோடுதான் பள்ளிக்குப் போனாள்.

ஆனாலும் அந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் வேண்டியிருந்தது. மகள் துர்காவை விட்டுவிட்டு அவளால் எங்கும் போக முடியாது. கல்லூரித் தோழி கலைப்பிரியா விழுப்புரத்தில் வக்கீல். பயிற்சி வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டு அவளைப் பார்க்கப் போனாள். இருவருமாகக் கம்ப்யூட்டர் கடைக்குப் போய், புத்தகம் மட்டும் படிக்கும் கருவியான இ-ரீடர் கேட்டார்கள்.

கடைக்காரர் வைஃபை உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என்று இரண்டை எடுத்து வைத்தார். "வைஃபை இல்லாதத யாரும் வாங்குறதில்ல மேடம். இதுன்னா படுத்துக்கினே புக்கு எறக்கலாம். எந்தப் பக்கத்துல நிறுத்துனீங்களோ, அதே அக்கவுண்ட்ல இருக்குற போன்லயும் அந்தப் பக்கமே தெறக்கும். செம வசதி."

தெருவில் ஒரு பைக் நின்ற சத்தத்துக்கே சூர்யகலா திரும்பிப் பார்த்தாள்.

"வைஃபைய ஆஃப் பண்ணி வெச்சிக்கடி," என்றாள் கலைப்பிரியா. "பின்னால தேவப்படும்."

"நான் ஆஃப் பண்ணிடுவேன் கலை. அவரு ஆன் பண்ணிடுவாரே."

கலைப்பிரியா வைஃபை இல்லாததையே வாங்கி, தன் லேப்டாப்பிலிருந்து வயர் வழியாக நிறைய புத்தகங்களை ஏற்றினாள். குடும்ப வன்முறைச் சட்ட விளக்கத்தைப் பத்தாம் வகுப்புக் குடிமையியல் பாடத்துக்குப் பின்னால் ஒட்டி ஒரே கோப்பாக்கினாள்.

இரண்டாம் வாரமே அது அரிபிரசாத் கையில் சிக்கியது.

"இன்னாது இது? நெட்டு எங்க?"

"அதுல நெட்டு இல்லீங்க. பாடப் புக்குதான் இருக்குது."

அவன் ஒவ்வொன்றாகத் திறந்தான். குடிமையியலையும் திறந்து பக்கங்களைத் தள்ளினான். நாடாளுமன்றம் வந்தது, சட்டமன்றம் வந்தது. பக்கத்தில் துர்கா மல்லாட்டை உரித்துக் கடலையைத் தின்றுகொண்டிருந்தாள். சூர்யகலா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். உள்ளாட்சி வரைக்கும் போனவன், "நெட்டே இல்லாத டப்பா, இத எவனாவது வாங்குவானா?" என்று அதைக் கட்டிலில் எறிந்துவிட்டு வெளியே போனான். அவள் அதை எடுத்துத் தன் பள்ளிப் பையில் வைத்தாள்.

மிச்சப் பக்கங்களை அவள் பள்ளியில் ஆசிரியர் ஓய்வறையில் படித்து முடித்தாள். குழந்தையைத் தாயிடமே விடச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கலாம் என்று அதில் இருந்தது. காலாண்டு விடுமுறை தொடங்கிய அன்று மகளோடு விழுப்புரம் பஸ் ஏறினாள். குடும்ப வன்முறைப் புகார்களை வாங்கும் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கக் காத்திருந்தாள். பயத்தில் இரண்டு முறை எழுந்து போகப் பார்த்தவளைக் கலைப்பிரியா கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

துர்கா தாயிடமே இருக்கலாம், அரிபிரசாத் அவர்கள் பக்கம் வரக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் வெகுநாள்வரை, மகள் தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போனால்கூட, அவள் திரும்பி வரும்வரை சூர்யகலா வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாள்.