மாப்பு கேட்கப் போனவர்

ருவான்வெல்லை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஜனார்த்தனன் வாயால் பிழைத்தவர். தோட்டத்து லயங்களிலிருந்து வருகிற தொழிலாளர்களிடம் தமிழிலும் மற்றவர்களிடம் சிங்களத்திலும் ஒரே மூச்சில் பேசி வியாபாரத்தை முடித்துவிடுவார். போன வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தது. கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின, பேச்சு திரும்பவில்லை. கேட்பது விளங்கியது, சொல்ல வேண்டியதும் மனசில் தெளிவாக நின்றது. வாயைத் திறந்தால்தான் நாக்கு போக்கிடம் தெரியாமல் தடுமாறியது.

ஒரே ஒரு சொல் மட்டும் தடங்கலில்லாமல் வந்தது. அது ஒரு கெட்ட வார்த்தை. லொறியில் மூட்டை இறக்கும்போது ஆண்களுக்கு நடுவே எப்போதாவது சொன்னதுதான். மனைவி புஷ்பவதியின் காதில் அது ஒருநாளும் விழுந்ததில்லை.

கொஞ்சம் தேறிக் கடைக்கு வந்து உட்கார்ந்தபோது, பக்கத்துத் தெரு றுகையா டீச்சர் பருப்பு வாங்க வந்தார். பல வருடப் பழக்கம். இப்போது சுகமா என்று அக்கறையோடு விசாரித்தார். சுகம் என்று சொல்லத்தான் ஜனார்த்தனன் வாயைத் திறந்தார். கணீரென்று அந்தக் கெட்ட வார்த்தை வந்து விழுந்தது. திருத்தப் போனார், மறுபடியும் அதுவே வந்தது. டீச்சர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பருப்பு வாங்காமலே இறங்கிப் போனார்.

ஜனார்த்தனன் உள்ளே போய் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டார். அதன்பிறகு கடைப்பக்கம் போகவில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஒளிவார்.

மகள் லக்ஷிகாதான் அவரைப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் கிளினிக்குக்கு இழுத்துப்போனாள். அங்கிருந்த மிஸ் சிங்களத்தில் விளக்கினாள். உதட்டிலும் நாக்கிலும் பலவீனம் இல்லையாம். எப்போது உதடு மூட வேண்டும், எப்போது நாக்கு எழ வேண்டும் என்று குழந்தையில் பழகிய ஒழுங்கை எடுத்துக்கொடுக்கும் இடம் மூளையில் அடிபட்டிருக்கிறதாம். கோபத்தில் வருவதும் வரிசையாக எண்ணுவதும் யோசிக்காமல் வேறு வழியாக வந்துவிடுமாம். எண்ணச் சொன்னாள், ஒன்றிலிருந்து பத்துவரை ஓடியது. ஐந்தை மட்டும் தனியாகச் சொல்லச் சொன்னபோது வாய் அப்படியே நின்றுபோனது. மகளுக்கு முன்னால் அவர் கண் கலங்கிவிட்டது.

வேண்டுமென்று சொன்னதில்லை என்று லக்ஷிகா வழியெல்லாம் தேற்றினாள். அவர் மனம் ஆறவில்லை. வேண்டுமென்று சொல்லவில்லைதான், ஆனால் எல்லாச் சொல்லும் போனபிறகு தனக்குள் மிஞ்சியது அதுதானே?

வீடு வந்ததும் ஜனார்த்தனன் டீச்சர் வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, லக்ஷிகாவிடம் கும்பிட்டுக் காட்டினார். மன்னிப்பு என்று சொல்லிப் பார்த்தார்கள்; பாதியில் நாக்கு சிக்கியது.

"மாப்புன்னு சொல்லுங்கப்பா. டீச்சர் வீட்டுல அப்படித்தான் சொல்லுவாங்க. ரெண்டு தடவ உதட்ட மூடுனா போதும்."

கண்ணாடி முன் உட்கார்ந்து, மகளின் உதட்டைப் பார்த்து, இடது கையால் தொடையில் தட்டித் தட்டிப் பழகினார். நரைத்த மீசைக்குக் கீழே ம்மா, ம்மா என்று குழந்தை வாய். பார்க்கச் சகிக்காமல் புஷ்பவதி குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். சொல் ஒருவழியாகப் படிந்ததும் மகளோடு புறப்பட்டார்.

கதவைத் திறந்தது டீச்சரேதான். அவரைக் கண்டதும் வந்தது பழைய கெட்ட வார்த்தை. ஜனார்த்தனனுக்கு உடம்பெல்லாம் கூசியது. டீச்சர் நகரவில்லை. ஜனார்த்தனன் கண்ணை மூடி, தொடையில் தட்டினார்.

"மா... ப்பு."

டீச்சர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். பிறகு சொன்னார்: "எனக்கும் ஒண்டு சொல்லணும் முதலாளி. அண்டைக்கு வீட்டுக்கு வந்து, நீங்க சொன்னத எல்லாருக்கும் சொல்லிக் காட்டிச் சிரிச்சோம். நோயெண்டு தெரிஞ்சும்."

பரவாயில்லை என்று சொல்ல நினைத்தார் ஜனார்த்தனன். புதிதாகப் பழகிய வாய் அதையே பிடித்துக்கொண்டது.

"மாப்பு."

"நீங்க ஏன் மறுபடி கேக்குறீங்க," என்று டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். ஜனார்த்தனன் அவசரமாகக் கையை ஆட்டினார். டீச்சர் நிமிரவில்லை. அப்பா சொல்ல வந்தது பரவாயில்லை என்றுதான் என மகள் எடுத்துச் சொன்னபிறகுதான் டீச்சருக்கு விளங்கியது.

பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது, நாளைக்குப் பரவாயில்லை என்று சொல்லப் பழகலாம் என்றாள் லக்ஷிகா. அவர் தலையாட்டினார். கடையடியில் தெரிந்தவர்கள் இருவர் நின்றார்கள். ஜனார்த்தனன் அவர்கள் முகத்தைப் பார்க்காமல், உதட்டை இறுக்கிக்கொண்டு, மகளுக்குப் பின்னால் நடந்தார்.