மேடைக்கு அடியில் அரியர்

“லீவுலயும் ஹாஸ்டலத் திறந்து வைங்க சார்” என்று பதிவாளரிடம் கேட்டேவிட்டேன்.

நான் படிக்க வந்த நாளிலேயே அம்மா எச்சரித்து அனுப்பியிருந்தாள்: “இடம் குடுத்ததே பெருசு. அதுக்கு மேல வாயத் திறந்து எதுவும் கேட்டுடாதடி.” அம்மா ஒரு பெரிய வீட்டில் தங்கி வேலை செய்கிறாள். அங்கே சமையலறை மூலையில் அவள் பாய்க்கு மட்டும்தான் இடம். விடுதியைப் பூட்டிவிட்டால் எனக்குப் போக வீடில்லை. என்னைப் போல இன்னும் இரண்டு பெண்கள். காலி வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுப்போம். கதவோரம் எங்களுக்குக் காவல், அரியர். எத்தனை முறை எழுதினாலும் விட்டுப்போகாத பாடம் மாதிரி, துரத்தத் துரத்தத் திரும்பி வரும் நாய்.

அது இப்போது விழா அரங்கின் மேடைக்கடியில் குட்டி போட்டிருக்கிறது. நாளை பட்டமளிப்பு. நாய் பிடிப்பவர்கள் கம்பை நீட்டினால் கம்பையே கடிக்கிறது. என் குரலுக்கு மட்டும்தான் வரும். போன வாரம் எங்களை வகுப்பறையிலிருந்து விரட்டச் சொன்ன பதிவாளர் இன்று எனக்கு நாற்காலி போட்டதன் மர்மம் அதுதான்.

“ஹாஸ்டல் கதை அப்புறம். முதல்ல அந்த நாயக் கூப்பிட்டு வண்டில ஏத்தும்மா.”

“எங்க கொண்டு போவீங்க?”

“எங்கயாவது தூரத்துல விட்டுடுவாங்க.”

“கண்ணே திறக்காத குட்டிங்களையா?”

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் பக்கம் தள்ளினார். “உனக்கு மட்டும் ஒரு ரூம். வெளிய மூச்சு விடாத.”

ஆசையாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கி எத்தனை காலமாயிற்று! சாவியைத் திருப்பித் தள்ளினேன்.

“எங்க மூணு பேருக்கும் வேணும். எல்லா லீவுக்கும். அரியருக்குத் தடுப்பூசி போட்டு, குட்டிங்களோட இங்கயே விடணும்.”

“இதென்ன சத்திரமா?”

“சத்திரம்னா திறந்திருக்கும் சார்.”

வாசலில் நின்ற நாய் வண்டிக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

“முடியாதுன்னா என்ன பண்ணுவ?”

“நான் ஒண்ணும் பண்ணமாட்டேன். நாளைக்கு விருந்தாளிங்க மேடையேறினா அரியர் பாத்துக்கும். அதுக்கும் பட்டம் வாங்க ஆசை இருக்காதா?”

“திமிரு! படிக்க வெச்சா இப்படித்தான்.”

“அதுக்குத்தான் சார் படிச்சேன்.”

எழுந்தேன்.

“இரும்மா, யோசிச்சுச் சொல்றேன்.”

“எனக்கு யோசிக்க ஒண்ணுமில்ல.”

வெளியே படிக்கட்டில் மற்ற இரண்டு பேரும் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். “வாங்கடி, ஹாஸ்டலுக்குப் போலாம்” என்றேன். எதுவும் கேட்காமல் எழுந்தார்கள். பின்னால் பதிவாளரின் நாற்காலி தரையில் கிறீச்சிட்டது.

“யோவ், வண்டிய எடுத்துட்டுக் கிளம்புய்யா! ஏம்மா, நில்லும்மா! கதவு பூட்டியிருக்கு, சாவி எங்கிட்டதான இருக்கு!”

“கொண்டு வாங்க சார்” என்றேன், திரும்பாமல்.