கோப்பைக்கு ஒரு பெயர்

1

இந்தக் கதை ஒரு கெஞ்சலில் பிறந்தது. 2003இல், விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி நடத்தும் என் நண்பன் ஆதிநாராயணன் போன் செய்தான். "நீதான் எழுதுறவனாச்சே, நம்ம சரக்குக்கு ஒரு புதுப் பேரு சொல்லேன்." பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

2

தீயில் வெந்த களிமண்ணைப் போல மனித மனமும்…

(வேண்டாம். கழிவறைக் கோப்பைக்கு இவ்வளவு பீடிகை தாங்காது.)

நேராகவே சொல்கிறேன். 'பழமலையான்' என்று சாமி பெயரில் அகல்விளக்கும் பொம்மையும் செய்த கம்பெனி, கழிவறைக் கோப்பைக்கு மாறியது. சாமி பெயரை அதில் போட முடியுமா? முத்திரையைச் சூளைக்கு முன்பே குத்தியாக வேண்டும். வெந்தபிறகு மாற்ற முடியாது. கோப்பைகள் காய்ந்து தயாராக நின்றன, பெயர்தான் இல்லை.

பங்குதாரர் நாசரிடம் அவர் மகள் பெயரைக் கேட்டால், "வூட்டுல சோறு போடமாட்டாங்க" என்றார். ஆதியின் மனைவி சிவசங்கரி, "எம் பேருல சிவனே இருக்காருங்க" என்று தப்பித்தாள். நான் 'வெண்தாமரை' என்றேன். "சரஸ்வதி உக்கார்ற பூவுடா அது!" என்று திட்டு விழுந்தது.

3

(ஆதியின் அம்மா ராஜாம்பாள் மீது எனக்கு நம்பிக்கையே இல்லை. முதல் இரண்டு வரைவுகளில் டீ கொண்டுவரும் வேலைதான் கொடுத்திருந்தேன். மூன்றாவதில் டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றுகொண்டார்.)

"எம் பேரப் போடுடா."

"அம்மா! உம் பேரு மேலயா ஜனங்க உக்காருவாங்க?"

"உக்காரட்டுமே. கல்யாணமாயி வந்த நாள்லேருந்து இருட்டுல முந்திரிக்காட்டுக்குப் போனவ நான். எவனாச்சும் டார்ச் அடிச்சா எழுந்து நிக்கணும். அவன் போனதும் உக்காரணும். மறுபடி ஒருத்தன் வருவான். ஒரு நாளாச்சும் நிம்மதியா உக்காந்தமா? எம் பேரு போட்டதுலயாச்சும் பொம்பளைங்க நல்லா உக்காரட்டும்."

நாசர் முதலில் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

4

முடிவு ஒன்று: ஆதிக்கு மனசு வரவில்லை. 'ராயல்' என்று குத்திவிடுகிறான். (இதை எழுதிய அன்று ராஜாம்பாள் என்னோடு பேசவில்லை.)

முடிவு இரண்டு: அம்மாவே முத்திரையைப் பிடுங்கி முதல் கோப்பையில் குத்துகிறார். நாசர் பாதுஷா வாங்க ஓடுகிறார். ஆதி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல்…

எது நடந்தது என்று நீங்களே சொல்லுங்கள். அவசரமில்லை. நாளைக் காலை கதவைச் சாத்திக்கொண்டு, நன்றாக உட்கார்ந்து யோசியுங்கள். யாரும் டார்ச் அடிக்க மாட்டார்கள்.