சாய்வெட்டு

மரமா அது, சனியன். ஹாக்சா பிளேடு மறுபடியும் டப்பென்று முறிந்து, தையல்காரியின் கன்னத்தைக் கீறிவிட்டுப் பறந்தது.

"கண்ணு இருக்கா?" என்றான் அண்ணன், தலை நிமிராமலே.

"இருக்கு. நீ ஒழுங்கா பிடி."

அண்ணன் லாரி மெக்கானிக். இரும்பை அறுக்க அவன் பட்டறையில் எல்லாம் உண்டு, மரம் செதுக்க ஓர் உளி கிடையாது. கரண்டும் காலையிலேயே போய்த் தொலைந்தது. டயர் அறைக் கதவுக்கு நிலையாக நிறுத்த முன்னால் கிடந்தவையோ பழைய பாலத்திலிருந்து பிடுங்கிய இரண்டு மரத்தூண்கள். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். இரண்டிலும் இடுப்பு உயரத்தில், கீழ்நோக்கிச் சரிகிற மாதிரி ஒரு சாய்வெட்டு எடுக்க வேண்டும். கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து கடப்பாரையைக் குறுக்கே அதில் போட்டுவிட்டால் தூக்கினால்தான் வரும், தள்ளினால் வராது.

தள்ள வருகிறவன் அவள் புருஷன். கிரேன் ஓட்டுகிறவன். போன வாரம் இதே டயர் அறையின் தாழ்ப்பாளைச் செங்கல்லோடு பிய்த்து எறிந்து, அவள் முடியைப் பிடித்து வீடுவரை இழுத்துப்போய், இடதுகையில் இரண்டு விரலை உடைத்தான். நேற்று மறுபடி தப்பி வந்துவிட்டாள். மதியம் போன் வந்தது: "வேலை முடிஞ்சதும் வரேன். மிச்ச விரலும் இருக்குல்ல."

வெட்டு விழவேண்டிய இடத்தில் பிளேடால் பக்கத்துப் பக்கத்தில் கீறிக்கொண்டே போனார்கள். கீறல்களுக்கு நடுவே மரம் சீப்புப் பல் மாதிரி நின்றது. இரும்பு வெட்டும் மொட்டை உளியை வைத்து அவள் சுத்தியலால் போட்டாள். ஒரு பல் தெறித்தது.

"இது முன்பல்லு," என்றாள். அடுத்த அடி. "இது கடைவாய்."

"உனக்குப் போய் தையல் சொல்லிக் குடுத்தாங்களே. கறிக்கடையில விட்டிருக்கணும்."

வலது தூணில் ஒரே ஒரு பல் மட்டும் கணு பாய்ந்து நின்றது. எத்தனை அடித்தும் அசையவில்லை. அவள் கட்டுப்போட்ட விரல்களிலிருந்து ரத்தம் கசிந்தது.

"விடு பாப்பா, நேரமாச்சு. கடப்பாரை விழுறப்ப அதுவே உடையும்."

தரையில் கிடந்த தூண்களோடு இரும்புக் கதவையும், பழைய போல்ட் ஓட்டைகளிலேயே சேர்த்து முடுக்கி, நிமிர்த்தி, குழியில் கல்லும் சிமெண்டும் போட்டு இடித்தார்கள். அவள் உள்ளே போய்த் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

"அண்ணே. வெட்டு வெளிய இருக்கு."

அவன் வந்து பார்த்தான். பிறந்ததிலிருந்து லாரிக்கு அடியில் மல்லாந்து கிடப்பவன். அவன் கண்ணுக்கு மேல் கீழ், உள் வெளி எல்லாம் அடியிலிருந்து பார்த்த கணக்குதான். நிலையை அப்படியே திருப்பி நட்டிருந்தான். கதவும் வெளிப்பக்கமாகத் திறந்து ஆடியது.

"உன் தலையையும் யாரோ திருப்பித்தான் நட்டிருக்காங்க," என்று அவள் சொல்லி முடிக்கும்போதே தெருமுனையில் பைக் சத்தம். ஓட வழியில்லை. வெளியே வந்து, திறந்திருந்த கதவுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே ஒடுங்கினாள். அண்ணன் கடப்பாரையோடு வாசலை மறித்து நின்றான்.

"உள்ள போகாத மாப்ள. சொல்றத கேளு."

"நகரு மச்சான். எம்பொண்டாட்டி, நான் பாத்துக்கறேன்."

கிரேன்காரன் கையில் பைக் செயின். முதல் வீச்சிலேயே அண்ணனின் முழங்கை மளுக்கென்றது. கடப்பாரை தரையில் உருண்டது. விழுந்தவன் முகத்தில் இரண்டு உதை. பிறகு அவனைத் தாண்டி உள்ளே, இருட்டில் டயர்களைத் தள்ளித் தள்ளித் தேடப் போனான். "எங்கடி பதுங்குற?"

அவள் கதவை வீசி அடைத்தாள். இடுக்கில் அவன் கை வந்தது. மறுபடி அடைத்தாள், முழு உடம்பையும் போட்டு. எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம்தான். அலறிக்கொண்டு கை உள்ளே போனது.

அண்ணன் தவழ்ந்து வந்து கதவில் முதுகைக் கொடுத்தான். அவள் கடப்பாரையைத் தூக்கிப் போட்டாள். இடப்பக்கம் இறங்கிவிட்டது. வலப்பக்கம் அந்தக் கணுப் பல் தடுத்தது. உள்ளேயிருந்து ஒவ்வொரு மோதலுக்கும் அண்ணன் குலுங்கினான்.

"அடி பாப்பா."

சுத்தியலை இரண்டு கையாலும் ஓங்கினாள். உடைந்த விரல்கள் என்ன ஆயின என்று தெரியவில்லை. மறுபடி. மறுபடி. பல் துண்டாகித் தெறித்தது. கடப்பாரை சரிந்து அடிவரை இறங்கி உட்கார்ந்தது.

உள்ளே மோதினான். கதவு அசையவில்லை. திட்டினான், பிறகு அழுதான், பிறகு கை போச்சு, டாக்டர் டாக்டர் என்றான்.

அண்ணன் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, நல்ல கையால் போனை எடுத்துப் போலீசுக்கு அழைத்தான். அவள் இன்னும் கடப்பாரையின் தலையில் அடித்துக்கொண்டே இருந்தாள்.

"போதும்மா. உக்காந்துருச்சு."

"இன்னும் கொஞ்சம்," என்றாள்.