யாரும் இல்லை என்று சொன்னவர்

"கையை நல்லா இறுக்கி மூடுங்க," என்று சொல்லிக்கொண்டே ரப்பர் பட்டையை முழங்கைக்கு மேலே சுற்றி இழுத்தபோதுதான் அவள் அந்த நகங்களைப் பார்த்தாள். நக ஓரங்களில் வெளிர்நீலம். எத்தனை முறை கழுவினாலும் போகாமல் சதையோடு சேர்ந்துவிட்ட பெயின்ட். கட்டைவிரலில் பாதி நகம்தான் இருந்தது. சாரம் கட்டும்போது நசுங்கிவிட்டது என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார்.

நிமிர்ந்தாள். ஆக்சிஜன் முகமூடிக்கு மேலே அப்பாவின் கண்கள்.

அந்தக் கண்கள் ஒரு கணம் விரிந்தன. பிறகு, யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல விலகி, அவள் பின்னால் நின்ற சீனியர் அக்காவிடம் போயின. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷமாக வேலை பார்ப்பவள் சீனியர் அக்கா. படிக்க வரும் பெண்களை வார்டு வார்டாகக் கூட்டிப்போய் ஊசி குத்தி ரத்தம் எடுக்கப் பழக்குவது அவள்தான்.

"என்ன பாத்துட்டே நிக்கிற? நரம்பு தெரியுதில்ல? போடு."

போட்டாள். ஊசி நரம்பைத் தவறவிட்டது. அவள் அப்படித் தவறவிடுகிறவள் இல்லை. வெளியே எடுத்து, பஞ்சால் அழுத்தி, வேறு இடத்தில் குத்தினாள். ஒருவழியாகக் குழாயில் ரத்தம் ஏறியது.

"இன்னிக்கு உனக்கு என்ன ஆச்சு?" என்றாள் சீனியர் அக்கா. "பெரியவரே, வலிச்சுதா? ட்ரெயினிங் பிள்ளை, கோச்சுக்காதீங்க."

அப்பா முகமூடியைக் கொஞ்சம் நகர்த்தினார். மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். "வலிக்கவே இல்லம்மா. எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. இந்தப் பொண்ணு கை... ரொம்ப நல்ல கை. எந்த ஊரு பொண்ணு?"

"ஊரெல்லாம் எதுக்கு உங்களுக்கு? பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க? பேசாம படுங்க," என்று சிரித்தாள் சீனியர் அக்கா.

குழாயில் ஒட்ட வேண்டிய சீட்டில் நோயாளியின் பெயரை எழுத வேண்டும். எழுதினாள். அவளுடைய பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்து, அந்தப் பெயரின் முதல் எழுத்துதான். முழுப் பெயரையும் அவள் எழுதுவது இதுதான் முதல் தடவையோ என்னவோ.

வார்டு நர்ஸ் அடுத்த கட்டில் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். "அவருக்கு யாரும் இல்ல. மேஸ்திரி யாரோ கொண்டுவந்து விட்டுட்டுப் போயிட்டாரு. சொந்தக்காரங்க யாருன்னு கேட்டா, ஒருத்தரும் இல்லன்னு அடிச்சுச் சொல்றாரு. ரிசல்ட்டை நேரா என்கிட்டயே குடுத்துடுங்க."

யாரும் இல்லை. அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

அம்மா இறந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. அப்பாவுக்கு வீடுகளுக்கு வர்ணம் அடிக்கும் வேலை. எந்தக் கட்டடத்தில் வேலையோ அந்தக் கட்டடத்திலேயே சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே தூக்கம். பெண் குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போவது? குழந்தைகள் இல்லம் ஒன்றில் கொண்டுவந்து சேர்த்தார். "வேலை ஒரு இடத்துல நிலைச்சதும் கூட்டிட்டுப் போயிடறேன், தங்கம்," என்றார். வேலை நிலைக்கவேயில்லை. முதலில் அடிக்கடி வந்தார். பிறகு எப்போதாவது. வேலை தேடி வெகுதூரம் போனவர் திரும்பி வந்தபோது, இல்லம் எங்கோ வேறு கட்டடத்துக்கு மாறியிருந்தது.

பதினெட்டு வயது முடிந்ததும் இல்லத்தில் இருக்க முடியாது. வெளியே போகிற பிள்ளைகளில் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு அறக்கட்டளை கைகொடுத்தது. படிப்புச் செலவு, விடுதி, சாப்பாடு, பஸ் பாஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. தேர்வு செய்ய வந்தவர் அவளைப் பார்த்து, "உனக்கு யாரும் இல்ல, அப்படித்தானேம்மா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அன்றைக்கு அது கிட்டத்தட்ட உண்மைதான்.

விடுதிக்கு வந்த புதிதில், ஒரு பெண்ணைத் தேடி அவளுடைய மாமா வந்தார். பேசினார், பெட்டியோடு கூட்டிக்கொண்டு போனார். மறுநாளே அந்தக் கட்டிலுக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். என்ன நடந்தது என்று யாரும் விளக்கவில்லை. பெண்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: நமக்கு யாராவது இருப்பது தெரிந்தால் அவ்வளவுதான், மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதனால்தான், எங்கெங்கோ விசாரித்து அப்பா அவளைக் கண்டுபிடித்து விடுதி வாசலில் வந்து நின்றபோது, அவள் முதலில் பதறினாள். அப்புறம்தான் அழுதாள்.

"இங்க வராதப்பா. படிப்பு நின்னுடும்."

"சரி சரி," என்றார் அப்பா. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருட வந்து மாட்டிக்கொண்டவர்போல அந்த இடத்தைவிட்டு வேகமாக நகர்ந்தார்.

எதிர்ச் சாரியில் ஒரு பஸ் ஸ்டாப் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அங்கே வந்து பெஞ்சின் ஒரு முனையில் உட்காருவார். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருப்பார். அவள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல மறுமுனையில் உட்காருவாள். நடுவில் யாராவது உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். எழுந்து போனதும் தொடரும். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தபடியே பேசுவார்கள்.

"இந்த வாரம் என்ன சொல்லிக்குடுத்தாங்க?"

"ரத்தத்துல என்னென்ன இருக்குன்னு."

"என்னென்ன இருக்கு?"

அவள் சொல்லுவாள். "அடேங்கப்பா," என்பார் அப்பா ரோட்டைப் பார்த்து. "இவ்வளவு இருக்கா இதுக்குள்ள? நான் சிவப்புன்னு மட்டும்தான் நெனச்சேன்."

படிப்பு முடிந்ததும் ஒரு அறை எடுக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். சுவருக்கு என்ன கலர் வேண்டும் என்று அவர் ஒவ்வொரு வாரமும் கேட்பார். அவள் ஒவ்வொரு வாரமும் மாற்றுவாள். சில மாதங்களாக அவருக்கு இருமல். கேட்டால், "சுவத்துல பட்டி தேய்ச்ச தூசிம்மா. எங்க ஆளுங்க எல்லாரும் இருமுவாங்க," என்பார். இரண்டு வாரமாக ஆளைக் காணோம். வெளியூர் வேலைக்குப் போயிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வார்டிலிருந்து கொண்டுவந்த ரத்தத்தை அவளே மெஷினில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் எண்கள் வந்தன. ஒன்றுகூட இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தபோது இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பான் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

சாப்பாட்டு இடைவேளையில் வார்டுக்கு ஓடினாள். அப்பா கண் மூடியிருந்தார். நெஞ்சு ஏறி இறங்க அவ்வளவு பாடுபட்டது. முகத்தை நேருக்கு நேராக, இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. பக்கவாட்டில்தானே பார்த்திருக்கிறாள். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. அது எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

"அப்பா."

கண் திறந்தார். "யாராச்சும் பாக்கப் போறாங்க. போம்மா."

"ஏம்ப்பா சொல்லல?"

"உனக்குப் பரீட்சைன்னு சொன்னியே." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஓய்வெடுத்தார். "நீ வர்றது இந்த ஆஸ்பத்திரிக்குத்தான்னு எனக்குத் தெரியாது, தங்கம். தெரிஞ்சிருந்தா வேற எடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லியிருப்பேன்."

"நான் சிஸ்டர்கிட்ட சொல்லிடறேன்ப்பா. எங்கப்பான்னு சொல்லிடறேன்."

"கிறுக்கு மாதிரி பேசாத." முகமூடிக்குள் சிரித்தார்போல இருந்தது. "இன்னும் கொஞ்ச மாசம்தானே. கரைக்கு வந்துட்டு... படகைக் கவுத்துடுவாங்களா யாராச்சும்? எனக்கு இங்க ராஜ மரியாதை. சட்டைகூட அவங்களே போட்டு விடறாங்க." பிறகு, "அந்த வெள்ளைக் கோட்டு உனக்கு நல்லாயிருக்கு," என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்தாள். காலையில் அவள் குத்திய இடம் கன்றிப்போயிருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவினாள்.

"என்னம்மா, மறுபடியும் சாம்பிளா?" நர்ஸ் பின்னால் வந்து நின்றாள்.

பிடித்திருந்த கையை அவள் நாடி பார்ப்பதுபோலத் திருப்பினாள். "இல்ல சிஸ்டர். காலையில ரெண்டு தடவை குத்திட்டேன். வீங்கியிருக்கான்னு பாக்க வந்தேன்."

"நல்ல பிள்ளை," என்றாள் நர்ஸ். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவள் கையைக் கட்டிலில் வைத்துவிட்டு நடந்தாள். வாசல் வரை திரும்பிப் பார்க்கவில்லை. நன்றாகத்தான் நடித்தாள்.

பிற்பகலில் இன்னொரு வார்டுக்குப் போகும் சாக்கில் மறுபடி வந்தபோது, அந்தக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே வார்டு ஊழியர் துணியைத் தலை வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"யாரும் இல்லாத கேஸ்தானே சிஸ்டர்? அந்தப் பக்கத்து அறையில போட்டுடவா?"

"ஆமா, அங்கயே வைங்க. போலீசுக்குச் சொல்லிக்கலாம்."

"எங்கப்பா," என்றாள் அவள்.

நர்ஸுக்குக் காதில் விழவில்லை. "என்னம்மா?"

"அவரு எங்கப்பா, சிஸ்டர்."

நர்ஸ் அவளைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். யாரோ போய்ச் சொல்லி சீனியர் அக்கா மாடி ஏறி ஓடிவந்தாள். வந்தவள், "காலையிலேயே ஏண்டி சொல்லல?" என்று ஆரம்பித்தாள். பிறகு அவள் கையிலிருந்த ட்ரேயை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

விடுதி வார்டன் ஆட்டோ பிடித்து வந்தாள். அறுபதை நெருங்கும் பெண். பிள்ளைகள் அவளை மிஸ் என்பார்கள். கூடவே, விடுதியில் இவளோடு ஒரே அறையில் இருக்கும் தோழியும் வந்திருந்தாள். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் விடுதி முழுக்க அவளுக்குச் சோடாபுட்டி என்றுதான் பெயர். பிணவறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"மிஸ், நான் இன்னிக்கே பெட்டியை எடுத்துக்கறேன்," என்றாள் அவள். அழுகை இல்லாமல், மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "யாருக்காவது அந்த இடத்தைக் குடுத்துடுங்க."

"எதுக்குப் பெட்டி?"

"அப்பா இருக்காருன்னு மறைச்சுட்டேன். வாரா வாரம் பாத்துப் பேசிட்டு இருந்தேன். யாராவது இருந்தா நிறுத்திடுவீங்கன்னு தெரியும்."

வார்டனுக்குப் புரிய நேரமாயிற்று. "யாரு சொன்னா உனக்கு?"

"எல்லாரும்தான் மிஸ். மாமா வந்தாருன்னு ஒருத்தியை அனுப்பிட்டீங்களே."

"அவ கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனாம்மா. படிப்பு வேணாம்னு அவளேதான் போனா." வார்டன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "அப்பா இருந்தா என்ன? அம்மா இருந்தா என்ன? உங்களை வச்சுக் காப்பாத்த முடியாமத்தானே அவங்க விட்டாங்க. அதுக்காகத்தானே இந்தப் பணமே. கேட்டிருந்தா உள்ள கூப்பிட்டு, உக்கார வச்சு, ஒரு டீ குடுத்திருப்பேனே..."

"உள்ளயேவா?" என்று மட்டும் கேட்டாள் அவள்.

"நான் உங்ககிட்ட வாய் திறந்து சொல்லியிருக்கணும்," என்றாள் வார்டன். "தப்பு என்மேலதான். நீங்க எல்லாம் இப்படி நெனச்சுட்டு இருப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்லடி."

பக்கத்தில் சோடாபுட்டி கல்லாய்ச் சமைந்திருந்தாள்.

மறுநாள் காலை மின் தகனக் கூடத்துக்குப் பெயின்ட்டர்கள் இரண்டு பேர் வேலை உடையோடு வந்தார்கள். மேஸ்திரி அனுப்பினாராம். அவர்களில் வயதானவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா அது? ஞாயித்துக்கிழமை வேலைக்குக் கூப்பிட்டா வரமாட்டான். எம்பொண்ணைப் பாக்கப் போறேன், அவ டாக்டருக்கே ரத்தத்தைப் பத்திச் சொல்றவன்னு அளப்பான். எங்கடா பொண்ணு, காட்டுன்னா சிரிப்பான். நாங்க யாருமே நம்பல." அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "நம்பலம்மா, மன்னிச்சுடு."

அப்போதுதான் சோடாபுட்டி வாசலில் வந்து இறங்கினாள். கூடவே, மாதம் ஒருமுறை விடுதிக்கு வந்து வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகிற பெண். பழைய பக்கத்து வீட்டு அத்தை என்றுதான் சோடாபுட்டி எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரிகளில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. சோப்புத் தண்ணீரில் ஊறி வெளிறிய கைகள்.

சோடாபுட்டி அவள் முன்னால் வந்து நின்றாள். வார்டனும் பக்கத்தில் இருந்தாள்.

"இது பக்கத்து வீட்டு அத்தை இல்ல," என்றாள். "எங்கம்மா."

வார்டன் சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்த அம்மா யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தாள்.

தகன உலையின் கதவு மூடியபோது அவள் சத்தம் போடவில்லை. பெயின்ட்டர்கள்தான் அழுதார்கள். எல்லாம் முடிந்து வெளியே வந்ததும், வழக்கமாக வாசலோடு திரும்பிப் போகிற அந்த அம்மாவை வார்டன் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டாள்.

விடுதியில் அவள் குளித்துவிட்டு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தலை துவட்டவில்லை. தண்ணீர் சொட்டி முதுகு நனைந்துகொண்டிருந்தது. மற்ற பெண்கள் கதவோரம் நின்றார்கள்.

சோடாபுட்டியின் அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தாள். மகளின் கட்டில், மகளின் அலமாரி. எதையும் தொடவில்லை. பிறகு கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினாள். ஜன்னல் திட்டிலிருந்து சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் இப்படித் திரும்பும்மா."

திரும்பினாள்.

பின்கழுத்துக்கு மேலே முடி பெரிய சிக்காக இருந்தது. அந்த அம்மா அவசரப்படவில்லை. வேர்ப்பக்கத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலிக்காமல், நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.