ஒன்பது வருஷம்

தம்பியின் வழக்குக்கு முன்னால் ஒரு லாரிக்காரன் வழக்கு. குடித்துவிட்டு ஓட்டி, சாலையோரம் நின்ற ஒருவரைக் கொன்றவன். இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டு நீதிபதி தண்ணீர் குடித்தார். பின்வரிசையில் இருந்த அக்காவுக்கு வெட்கங்கெட்ட ஒரு தெம்பு வந்தது. குடிகாரனுக்கே இரண்டென்றால் இவனுக்கு என்ன பெரிதாகக் கொடுத்துவிடப் போகிறார்கள்?

அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவள். கெஞ்சிக் கூத்தாடித் தம்பியை அங்கேயே கம்ப்யூட்டர் பிரிவில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். மேலதிகாரியோடு வாய்த்தகராறு முற்றி அவனை வெளியே அனுப்பினார்கள்; அவனுடைய பாஸ்வேர்டை ரத்து செய்ய மறந்துபோனார்கள். நான் இல்லாமல் கொஞ்ச நேரம் தவிக்கட்டும் என்று வீட்டில் உட்கார்ந்தபடியே அவன் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் பூட்டினான். பூட்டத் தெரிந்தவனுக்குத் திறக்க வரவில்லை. அவன் வேர்த்து விறுவிறுத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்தக் காலை முழுக்க, அவள் ரிப்போர்ட்டுகளைக் கையால் எழுதிக்கொண்டு மாடிக்கும் கீழுக்குமாக ஓடினாள், இதைச் செய்தவன் எவனோ அவன் கை விளங்காமல் போக என்று திட்டியபடி. ஆபரேஷன் மேசையில் ஒருவர் இருந்தார். அவருக்கென்று பொருத்திப் பார்த்து வைத்த ரத்தத்தின் விவரம் உள்ளே மாட்டிக்கொண்டது. அவசரத்துக்கு வைத்திருந்த ரத்தம் போதவில்லை. மறுபடி எடுத்து, மறுபடி பார்த்து, ரத்தப் பை போய்ச் சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை. மறுபடி பார்த்தவள் அவள்தான்.

“பையன் யாரையும் தொடக்கூட இல்லைங்கய்யா. ஒரு பட்டனைத்தான் அழுத்தினான்” என்றார் தம்பியின் வக்கீல்.

“துப்பாக்கியிலயும் விரலுக்கு அவ்வளவுதாங்கய்யா வேலை” என்றார் அரசு வக்கீல்.

இரண்டும் சரியென்றே அவளுக்குப் பட்டது. அதுதான் தாங்கவில்லை.

ஒன்பது வருஷம். மற்றவர்களுக்கு இது ஒரு பாடமாக இருக்கட்டும் என்றார் நீதிபதி. பாஸ்வேர்டை ரத்து செய்ய மறந்தவர்களைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வார்த்தை இல்லை. தம்பி திரும்பி அவளைத் தேடினான்.

“அக்கா, ஒன்பதுன்னா சொன்னாரு?”

“ஆமாண்டா.”

அதற்குள் போலீஸ்காரர் அவன் முழங்கையைப் பிடித்துவிட்டார். வாசலில் வக்கீல் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே, “மேல் கோர்ட்டுக்குப் போகலாம்மா. ஆனா அங்க குறைப்பாங்கன்னு சொல்ல முடியாது. ஏத்தினாலும் ஏத்துவாங்க” என்றார். அடுத்த வழக்குக்கு அவரைக் கூப்பிட்டார்கள்.

பஸ் நிறுத்தத்தில், ஆபரேஷன் மேசையில் இறந்தவரின் மனைவி நின்றிருந்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் அந்த அம்மா பார்த்துவிட்டாள்.

“நீதான அவன் அக்கா?”

“ஆமாம்மா.” கன்னத்தில் ஓர் அறை விழும் என்று காத்திருந்தாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒன்பது வருஷம்னாங்க. அது நிறையவா கொறச்சலான்னே எனக்குத் தெரியல. லாரிக்காரனுக்கு ரெண்டுன்னதும் அதுல செத்தவரு வீட்டு ஆளுங்க என்னமா அழுதாங்க. எனக்கு அழுகைகூட வரல. வீட்டுக்குப் போனா கதவை நானேதான் திறக்கணும்.”

அக்கா சொல்லிவிட்டாள். “அன்னைக்கு ரத்தம் பாத்தது நான்தாம்மா. என்னால முடிஞ்ச வரைக்கும் சீக்கிரமா…”

“சீக்கிரமாத்தான் பாத்திருப்ப.”

அவ்வளவுதான். அதில் மன்னிப்பும் இல்லை, குத்தலும் இல்லை.

இருவருக்கும் ஒரே பஸ். அந்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்தாள். மற்ற இருக்கைகள் நிறைந்துவிட்டன. அக்கா கம்பியைப் பிடித்து நின்றாள்.

“எடம்தான் இருக்கேம்மா, உக்காரு” என்றார் கண்டக்டர்.

அந்த அம்மா வெளியே பார்த்தபடியே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்து நிமிர்ந்தது. அக்கா கம்பியை விடவில்லை. காலியான இருக்கையில் வெயில் வந்து விழுந்தது, விலகியது, மறுபடி வந்து விழுந்தது.